மாரி காலமும் நமது தேகாரோக்கியமும்

வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழை தொடங்கிவிட்டால் புளியந்தீவின் அன்றாட வாழ்வு வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகின்றது. நாற்புறமும் வாவி சூழ்ந்த இந்நிலத்தில் காந்திப் பூங்காவின் வாவிக்கரையும், பாலங்களுக்கு அப்பால் கல்லடிக் கடற்கரையும் ஏனைய மாதங்களில் காலையிலும் மாலையிலும் நடப்போருக்கு உகந்த இடங்களாகும். மாரி வந்ததும் அந்நடை நின்றுவிடுகின்றது. "மழை விடட்டும், பார்ப்போம்" என்ற சொல் ஒக்டோபரில் பிறந்து பெப்ரவரி வரை நீள்கின்றது.

மட்டக்களப்பில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் பெப்ரவரி வரையான ஐந்து மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கின்றது. டிசெம்பர் மாதத்தின் பங்கு மட்டும் சுமார் 400 மில்லிமீற்றர் ஆகும். மேலை நாட்டினருக்குக் குளிர்காலம் என்றால் உறைபனி; நமக்கோ வெள்ளமும் சேறும் ஓயாத தூறலுமே. காரணம் வேறானாலும் விளைவு ஒன்றுதான். மனிதர் வீட்டுக்குள் அடைபடுகின்றனர். உடல் அசைவை இழக்கின்றது.

வருடத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்ட காலம் உடலுழைப்பு இவ்வாறு குன்றுவதைச் சிறு விடயமாகக் கருதிவிட முடியாது. வானம் வெளுத்ததும் மீண்டும் நடக்கத் தொடங்கினால் இழந்ததை ஈடுசெய்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியானதன்று. உடற்பயிற்சியின் பயன் வங்கிச் சேமிப்பைப் போன்று நெடுங்காலம் தங்கியிருப்பதில்லை. அது விரைவில் கரைந்துவிடும் ஒன்று.

சீனி வருத்தமும் தசைகளும்

இதனை விளங்கிக்கொள்வதற்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். நாம் உண்ணும் சோறும் இடியப்பமும் பாணும் குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோசில் பெரும்பங்கினை ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் நமது தசைகளே. இன்சுலின் என்னும் ஹோர்மோன் அக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் திறவுகோலாக உள்ளது. தசைகள் சுருங்கி விரிந்து உழைக்கும்போது இன்சுலினின் உதவி அதிகமின்றியே கதவு திறந்துகொள்கின்றது என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ள உண்மையாகும். உழைப்பு முடிந்த பின்னரும் இன்சுலின் செவ்வையாகத் தொழிற்படும் நிலை ஒரு நாள் முதல் அதிகபட்சம் மூன்று நாட்கள் வரை நீடிக்கின்றது. அதன் பின்னர் உடல் பழைய நிலைக்கே திரும்பிவிடுகின்றது.

நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ச்சியாக இரண்டு நாட்களுக்கு மேல் உடற்பயிற்சியின்றி இருத்தலாகாது என வைத்தியர்கள் வலியுறுத்துவது இதனாலேயே. ஒரு வார அடைமழை என்பது அப்பயன் முற்றாக அற்றுப்போவதற்குப் போதுமானது. மூன்று நான்கு மாதங்கள் என்றால் சொல்ல வேண்டியதில்லை. தசைகளின் வலு குறைகின்றது. இடுப்பின் சுற்றளவு கூடுகின்றது. பருவம் முடிந்து எடுக்கும் குருதிப் பரிசோதனையில் அதன் தாக்கம் வெளிப்படுகின்றது.

இது சிலரை மட்டும் பாதிக்கும் பிரச்சினையன்று. 2005–2006 காலப்பகுதியில் இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்கினர் தமக்கு அந்நோய் உள்ளதையே அறியாதிருந்ததாகவும் கண்டறிந்தது. அன்றைய போர்ச்சூழலில் வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2018–2019இல் நடத்தப்பட்ட பிறிதோர் ஆய்வின்படி நீரிழிவு உள்ள வளர்ந்தோரின் விகிதம் ஐவரில் ஒருவருக்கும் மேலாக உயர்ந்துள்ளது. வாவியின் இருமருங்கிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் இதற்கு விதிவிலக்கானவர்கள் அல்லர்.

தடுக்கும் வழியும் இருக்கின்றது. சென்னையில் வைத்தியர் ஏ. ராமச்சந்திரனும் அவரது குழுவினரும், நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து அதன் முடிவுகளை 2006இல் வெளியிட்டனர். உணவுக் கட்டுப்பாட்டையும் நாளொன்றுக்கு அரை மணி நேர நடை போன்ற உடலுழைப்பையும் மேற்கொண்டவர்கள் நீரிழிவுக்கு ஆளாகும் அபாயம், வழமைபோல் வாழ்ந்தவர்களைவிட ஏறத்தாழ 28 சதவீதம் குறைவாக இருந்தது. நம்மைப் போன்றே சோறுண்டு வாழும் மக்களிடத்தில் கிடைத்த முடிவு இது. ஆகவே, மாரியிலும் அந்த அரை மணி நேரத்தைக் கைவிடாதிருப்பது எவ்வாறு என்பதே நம்முன் உள்ள கேள்வியாகும்.

வீடே களமாக இருந்த காலம்

நமது முன்னோர் உடற்பயிற்சிக்கென்று தனியே நேரம் ஒதுக்கியதில்லை. நெல் குற்றுவதும், அம்மியில் அரைப்பதும், கிணற்றில் நீர் இறைப்பதும், விறகு பிளப்பதும் மழைக்காலத்திலும் ஓய்வின்றி நடந்தன. இன்று அரைக்கும் இயந்திரமும் நீர்ப்பம்பியும் எரிவாயு அடுப்பும் அவ்வேலைகளை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதில் தவறேதுமில்லை, பெண்களின் முதுகை ஒடித்த அச்சுமை இறங்கியது நன்மையே. ஆனால், சுமையோடு சேர்ந்து அசைவும் போய்விட்டது. அந்த வெற்றிடத்தை நாம் நிரப்பவில்லை.

அன்றாட அசைவின் பெறுமதியை உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று இலண்டன் நகரப் பஸ் ஊழியர்களைப் பற்றியது. ஜெரமி மொரிஸ் என்னும் ஆய்வாளர் 1953இல் அதனை வெளியிட்டார். இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைக் காட்டிலும், படிகளில் ஏறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் கணிசமாகக் குறைந்திருந்தது. நடத்துநர்கள் எந்த உடற்பயிற்சிக் கூடத்திற்கும் சென்றவர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைத்த கருவி பஸ்ஸின் படிக்கட்டு மட்டுமே.

யப்பானியர் இன்னொரு வழியைக் கண்டனர். 1928இல் அந்நாட்டு வானொலி, இசைக்கேற்ப உடலை அசைக்கும் ஒரு சிறு பயிற்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. போருக்குப் பின்னர் சில காலம் நின்றுபோய், 1951இல் புதிய வடிவில் மீண்ட அப்பயிற்சி இன்றும் தொடர்கின்றது. அதற்கு எடுக்கும் நேரம் சுமார் மூன்று நிமிடங்கள். வேண்டிய இடம் கைகளை விரித்து நிற்கும் அளவு. கருவி எதுவும் தேவையில்லை. எளிமையும் ஒழுங்குமே அதன் நீடித்த வாழ்வுக்குக் காரணம் எனலாம்.

எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுதல் வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்தல் வேண்டும். அறுபத்தைந்து வயதைத் தாண்டியோர் விழாதிருப்பதற்கான சமநிலைப் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாட்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னைய வழிகாட்டல் ஒரே தடவையில் பத்து நிமிடங்களாவது செய்தாற்றான் கணக்கில் சேரும் என்றது. புதிய வழிகாட்டல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. சிறிது சிறிதாகச் செய்வதும் கணக்கில் சேரும்.

வீட்டில் இருப்போருக்கு இது பெரும் வாய்ப்பாகும். காலை, மதியம், இரவு ஆகிய மூன்று வேளை உணவிற்குப் பின்னும் பத்து நிமிடங்கள் வீட்டுக்குள் அசைந்தால் நாளொன்றுக்கு முப்பது நிமிடங்கள். ஐந்து நாட்களில் 150 நிமிடங்கள். உணவுக்குப் பின்னரே குருதியில் குளுக்கோசு ஏறுவதால், அவ்வேளையில் மெதுவாக நடப்பது அந்த ஏற்றத்தைத் தணிக்கின்றது. உண்டதும் தொலைக்காட்சியின் முன் சாய்ந்துவிடும் நமது மழைக்காலப் பழக்கம் இதற்கு நேர்மாறானது.

மிதமான உழைப்பு என்பதை அறிய மணிக்கூடோ கருவியோ தேவையில்லை. அசையும்போது வாய்விட்டுப் பேச முடிய வேண்டும். ஆனால், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே அளவு.

ஒரு பாய், ஒரு கதிரை, ஒரு சுவர்

பாய் ஒன்றை விரிக்கும் இடம் இருந்தால் போதும். முதலில் நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்க வேண்டும். முழங்கால்களைச் சற்று உயர்த்தி, கைகளை வீசி ஐந்து நிமிடங்கள் நடந்தால் உடல் சூடேறிவிடும். விறாந்தை உள்ள வீடுகளில் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கலாம். மழை நீர் தெறித்து ஈரமான தரையில் நடப்பதை மட்டும் தவிர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, கதிரையில் அமர்ந்து எழும் பயிற்சி. கதிரை வழுக்காதபடி அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து மெதுவாக அமர வேண்டும். பத்து முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் பத்து முறை செய்யலாம். கைகளை ஊன்றாமல் எழ முடியாதவர்கள் தொடக்கத்தில் ஊன்றியே எழட்டும். தொடைத் தசைகள் நமது உடலின் மிகப் பெரிய தசைகளுள் அடங்கும். அவற்றை இயக்குவதே குளுக்கோசைக் குறைப்பதற்கு நல்ல வழி.

மூன்றாவது, சுவரைத் தள்ளுதல். சுவரிலிருந்து ஒரு கை நீளத்திற்குச் சற்று அப்பால் நின்று, உள்ளங்கைகளை மார்பின் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கைகளை மடக்கி உடலைச் சுவரை நோக்கிச் சாய்த்து மீண்டும் நிமிர வேண்டும். இதுவும் பத்து முறை. வலு கூடிய பின்னர் சுவருக்குப் பதிலாகச் சுவரோடு ஒட்டிய உறுதியான மேசையின் விளிம்பைப் பயன்படுத்தலாம்.

நான்காவது, குதிகாலை உயர்த்துதல். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு விரல்களின் மேல் எழும்பி மெதுவாக இறங்குவது கெண்டைக்கால்களுக்கு நல்ல பயிற்சி. ஐந்தாவது, நீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல். ஒன்றரை லீற்றர் போத்தலின் நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். இரு கைகளிலும் ஒவ்வொன்றை ஏந்தி, முழங்கையை மடக்கியும் தலைக்கு மேல் உயர்த்தியும் பயிற்சி செய்யலாம். விலை கொடுத்து வாங்கும் இரும்புக் குண்டுகளைத் தசைகள் வேறுபடுத்தி அறிவதில்லை.

வாசலில் படி இருந்தால் அதில் ஏறி இறங்குவது ஆறாவது பயிற்சியாகும். இறுதியாக, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து, சுவரின் அருகே பத்து வினாடிகள் நிற்பது முதியோருக்கான சமநிலைப் பயிற்சி. இவை யாவற்றிலும் மூச்சை அடக்கலாகாது. குறிப்பாக உயர் குருதியமுக்கம் உள்ளவர்கள் முயற்சியின்போது மூச்சை வெளிவிடப் பழகிக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் பாதியளவு செய்து, வாரந்தோறும் சிறிது கூட்டினால் தசைப்பிடிப்பின்றி உடல் பழகிவிடும்.

சிறுவர்களுக்கு இத்தகைய எண்ணிக்கைப் பயிற்சி சலிப்பூட்டும். கும்மியும் கோலாட்டமும் தமிழர் வீடுகளிலும், பொல்லடியும் களிகம்பும் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் வழங்கி வந்தவை. கைத்தொலைபேசியோடு மூலையில் முடங்கியிருக்கும் பிள்ளையை அரை மணி நேரம் எழுப்பி நிறுத்த, இத்தாள அசைவுகளைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

பெண்களும் முதியோரும்

வீட்டினுள் பயிற்சி செய்வது ஆண்களுக்கு மாரிகாலத் தேவை எனில், நமது பெண்களில் பலருக்கு அது ஆண்டு முழுவதற்குமான தேவையாகும். புளியந்தீவிலும் சரி, மக்கள் நெருக்கம் மிகுந்த காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சரி, பெண்கள் வீதியில் வேகநடை போடுவதற்குச் சமூகத் தயக்கங்கள் பல உள்ளன. "வீட்டு வேலையே போதிய உடற்பயிற்சிதானே" என்ற பதில் அவர்களுக்கு வழமையாகக் கிடைப்பது. வீட்டு வேலை களைப்பைத் தருகின்றது; ஆனால், அடுப்படியில் நெடுநேரம் நிற்பது மூச்சு வாங்கும் அளவிலான உழைப்பாகாது. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றரையும் ஆண்களினது 90 சென்றிமீற்றரையும் தாண்டுவது தெற்காசியருக்கு எச்சரிக்கைக் குறியாகும். குடும்பத்தினர் அவர்களுக்கு ஒதுக்கித் தரவேண்டியது அரை மணி நேரமும் இடையூறற்ற ஓர் அறையுமே. அதைக் கொடுப்பது சலுகையன்று, கடமை.

முதியோரின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. தரையில் அமர்ந்து எழும் ஆற்றல் நமது பண்பாட்டில் வெறும் உடல்வலுப் பிரச்சினையன்று. ஐவேளைத் தொழுகையில் குனிந்தும் சிரம்பணிந்தும் எழும் முஸ்லிம் பெரியவருக்கும், கோயில் மண்டபத்தில் தரையில் அமர்ந்து திருமுறை கேட்கும் சைவப் பெரியவருக்கும் அந்த ஆற்றல் வழிபாட்டோடு இணைந்தது. வணக்கத்தை உடற்பயிற்சி என்று சுருக்கிவிடுவது முறையன்று. ஆனால், முழங்காலும் தொடையும் வலுவிழந்ததால் தரையை விட்டுக் கதிரைக்கு மாற நேர்ந்த முதியவரின் மன வருத்தத்தை அறிந்தவர்கள், கதிரையில் அமர்ந்து எழும் அந்த எளிய பயிற்சியின் பெறுமதியை உணர்வார்கள். நோயினாலும் மூட்டுத் தேய்வினாலும் இயலாதோருக்கு மார்க்கமே சலுகை அளித்துள்ளது. அசைவின்மையால் மட்டும் அந்நிலைக்கு முன்கூட்டியே செல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் முஸ்லிம் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாட்கள் குறைந்தது என்பதால், ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து மாரியோடு இணைந்து வருகின்றது. 2030ஆம் ஆண்டில் அது ஜனவரி முற்பகுதியிலும் டிசெம்பர் இறுதியிலுமாக இருமுறை பிறக்கவுள்ளது. நோன்பாளிகள் கடினமான பயிற்சிகளைப் பகலில் தவிர்த்து, நோன்பு திறந்து சிறிது நேரத்தின் பின்னர் செய்வது நன்று. கந்தசஷ்டி விரதமிருக்கும் சைவர்களுக்கும் இது பொருந்தும். நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் விரதத்திற்கு முன்னரே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

எச்சரிக்கைகள்

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்போருக்குப் பயிற்சியின்போது சீனி அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றும் தோன்றினால் பயிற்சியை நிறுத்திக் குளுக்கோசோ சீனி கரைத்த நீரோ உடனே அருந்த வேண்டும். நெஞ்சு இறுக்கமோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்படின் ஓய்ந்திருந்து பார்க்கலாம் என்று காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். அவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பணிந்து பயிற்சி செய்வதும், இரவில் விரலிடுக்குகளைத் துடைத்துப் பார்ப்பதும் நல்லது. வெள்ள நீரில் வெறுங்காலுடன் இறங்குவது அவர்களுக்கு மிகுந்த ஆபத்தாகும். சிறு காயமே பெரும் புண்ணாக மாறலாம். எலிக்காய்ச்சலும் அந்நீரினால் பரவும் நோய் என்பது எல்லோரும் அறிய வேண்டியதொன்று.

மாரிகாலம் நமக்கு வெறும் மழையை மட்டும் கொண்டுவருவதில்லை. 1978 நவம்பர் 23இன் சூறாவளியும், 2011 ஜனவரி வெள்ளமும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வாவும் இதே பருவத்தில் வந்தவையே. அத்தகைய வேளைகளில் பாடசாலைக் கட்டிடங்களில் தங்க நேரும் மக்களிடையே முதியோரும் நோயாளரும் நாட்கணக்கில் பாயிலேயே கிடக்கின்றனர். உணவும் மருந்தும் முதலிடம் பெறுவது நியாயமே. ஆயினும், காலையும் மாலையும் பத்து நிமிடங்கள் அவர்களை எழுப்பி நடக்கச் செய்வதற்குத் தொண்டர்களுக்குச் செலவேதும் ஏற்படப் போவதில்லை.

நமது பொறுப்பு

அரச வைத்தியசாலைகளில் தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறியும் சேவை இலவசமாக வழங்கப்படுகின்றது. முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் மாரி தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் குருதிச் சீனியையும் குருதியமுக்கத்தையும் நிறையையும் பார்த்துக்கொண்டால், அப்பருவத்தில் தமது உடல் அடைந்த இலாப நட்டத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாடசாலைகள், மாணவர் மைதானத்திற்குச் செல்ல இயலாத நாட்களில் உடற்கல்விப் பாடத்தை வேறு பாடத்திற்குத் தாரைவார்க்காது வகுப்பறையிலேயே நடத்தலாம். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தமது மண்டபங்களில் பெண்களுக்கும் முதியோருக்கும் தனித்தனியே வாரம் இருநாள் இடமளிக்க முன்வந்தால், அது பெரும் சமூகப் பணியாக அமையும்.

எனினும், இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான இயந்திரங்கள் இருந்தாற்றான் உடலைப் பேணலாம் என்ற எண்ணம் விளம்பரங்கள் விதைத்தது. கதிரையும் சுவரும் நீர்ப்போத்தலும் இல்லாத வீடு நமது மாவட்டத்தில் அரிது. மழை தன் பருவத்தில் பெய்தாக வேண்டும். வயலுக்கும் வாவிக்கும் அது உயிர். கூரையில் மழை இரையும் நாட்களில் உணவு முடிந்ததும் பத்து நிமிடங்கள் எழுந்து நடப்போமாயின், மாரி வயலை வளப்படுத்தும் காலத்தில் நமது உடலும் தன் வளத்தை இழக்காதிருக்கும்.